ஆலோசனைக் குழுவின் ஏழாவது ஆள்

அந்தப் பள்ளியில் நான் ஒன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளுக்கான பள்ளி அது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இருபத்திரண்டு பிள்ளைகள். மாடியில் வகுப்புகள், கீழே அலுவலகம். வாசற்கதவைத் திறந்ததும் என் மேசை, அதற்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் பெரிய மேடம். பள்ளியைத் தொடங்கியவரும் நடத்துபவரும் அவர்தான். ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்லிப் பழக்கமில்லாதவர்.

ஒரு நாள் உரிமம் தரும் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இனி இதுபோன்ற பள்ளிகளின் ஆலோசனைக் குழுவில் ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவருடைய கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. மேடம் கடிதத்தை என் மேசைமேல் எறிந்தார்.

"நோயாளியக் கேட்டுட்டா டாக்டர் மருந்து எழுதுறாரு? இதுக்கு நான் எங்க போய் ஆள் தேடுறது?"

தேட வேண்டியிருக்கவில்லை. மகளை விட்டுவிட்டுப் போக வந்த ஒரு அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அக்கா இருக்கா மேடம். முப்பத்தஞ்சு வயசுல டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பரே இருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்றா. வாயில விரல வெச்சாக் கடிக்கத் தெரியாது. மூலையில உக்காருன்னா உக்காருவா."

மேடத்தின் முகம் மலர்ந்தது. தங்கைக்கும் உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. நான்கு வயது மகளை மதிய வகுப்பிலும் சேர்க்க ஆறு மாதமாகக் காத்திருந்தார். மறு வாரமே இடம் கிடைத்தது. ஆறு பேர் இருந்த குழுவில் ஏழாவதாக ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவர் வந்து சேர்ந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

லிஃப்ட்காரம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கிரீஸ் கறை போகாத சாம்பல்நிறச் சட்டை, நிறையப் பைகள் வைத்த கால்சட்டை, கழுத்தளவு வெட்டிய முடி. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. சோதித்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அது ஓடலாம். சத்தமும் கூட்டமும் அளவுக்கு மீறினால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். அரை மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க. அதனால் கூட வேலை செய்பவர்கள் 'ஃப்யூஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச்சு நின்றதும் "ஃப்யூஸ் போச்சுடா" என்று சிரிப்பார்கள். பின்னாளில் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"இருபது வருஷமா அதே ஜோக். ஒருத்தனுக்கும் புதுசா ஒண்ணு தோணல."

முதல் கூட்டம் ஆரம்பித்த நான்காவது நிமிடத்திலேயே மேடத்துக்கு அவரைப் பிடிக்காமல் போனது. மேடம் ஆண்டறிக்கையை நீட்டி, "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"வகுப்பப் பாக்கணும்."

"எல்லாம் இதுல இருக்கு."

"இது பேப்பர். நான் மெஷினப் பாக்காம கையெழுத்துப் போட்டதில்ல."

துணிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பெற்றோர் சார்பில் குழுவில் இருந்தவர் அவர். மூன்று வயது மகன் எங்கள் பள்ளியில்தான். குழுவில் இருந்த டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "தாராளமாப் பாருங்க" என்றார்.

லிஃப்ட்காரம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று நாள் காலையில் வந்தார். வகுப்பின் பின்சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, லிஃப்ட் பதிவேட்டில் எழுதுவதுபோலவே நேரம் போட்டு எழுதினார். யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் டீச்சர் கீழே வந்து, "அந்தம்மா அங்க இருந்தா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்று மேடத்திடம் முறையிட்டாள்.

இரண்டாம் கூட்டத்துக்கு அவர் நான்கு பக்கம் கைப்பட எழுதிக்கொண்டு வந்தார். நடுவில் பேச்சு நின்றாலும் தாள் இருக்கும் என்பதற்காக. தலையைக் குனிந்தபடி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தார்.

"ஒண்ணு. 'கை அடக்கம்' வகுப்பு. பிள்ளைங்க கைய ஆட்டினா டீச்சர் மேசையோட சேத்துப் புடிச்சு அழுத்துறாங்க. ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம். இத நிறுத்தணும். ரெண்டு. கண்ணப் பாத்தாத்தான் பொம்மை, கண்ணப் பாத்தாத்தான் பிஸ்கட். இதையும் நிறுத்தணும். மூணு. பேச வராத பிள்ளைங்க எட்டுப் பேர். அவங்களுக்குப் படம் காட்டியோ, எழுத்தத் தொட்டோ, 'வேணாம்'னு சொல்ல ஒரு வழியும் இல்ல. 'குடு'ன்னு கேக்க மட்டும் சொல்லித் தர்றீங்க."

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். "நீங்க வேலைக்குப் போறீங்க, வர்றீங்க. உங்களுக்கும் எங்க பிள்ளைங்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவங்க சார்பா நீங்க எப்படிப் பேச முடியும்?"

"நாலு வயசுல எனக்கும் பேச்சு இல்ல. எங்கப்பா மோவாயப் புடிச்சுத் திருப்பித் திருப்பிக் கண்ணப் பாக்க வெச்சாரு. நான் புருவத்துக்கு நடுவுல பாக்கக் கத்துக்கிட்டேன். அப்பாவுக்கு சந்தோஷம். அவரு என்ன பேசினாருன்னு ஒரு வார்த்தைகூட எனக்குள்ள போகல. பாக்குறதே முழுநேர வேலையாயிடும்."

துணிக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"என் பையன் இதுவரைக்கும் என்ன அப்பான்னு கூப்பிட்டதில்ல. தெரியுமா உங்களுக்கு? தெருவுல போறவன் எல்லாம் வளர்ப்பு சரியில்லங்குறான். உங்களுக்குப் புள்ளை குட்டி இருக்கா? எங்க வலி உங்களுக்கு என்ன தெரியும்?"

"உங்க வலியப் பத்தி நான் எழுதல. அவன் வலியப் பத்தித்தான் எழுதியிருக்கேன்."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அறையே கொதித்தது. டாக்டர் ஏதோ சொல்ல, குழுவின் இன்னொரு உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேசையைத் தட்ட, துணிக்கடைக்காரர் கத்த, லிஃப்ட்காரம்மாவின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

அன்று மாலை மேடம் கூட்டக் குறிப்பைச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். "ஆட்டிசம் உள்ள உறுப்பினர் வகுப்புகளைப் பார்வையிட்டு, பயிற்சி முறையைப் பாராட்டினார். அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்குச் சோறு பரிமாறியவள் நான். விரல் ஒரு எழுத்துக்குக்கூடத் தயங்கவில்லை.

மறுநாள் கையெழுத்துக்காக வந்த லிஃப்ட்காரம்மா என் மேசை முன்னால் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார். பிறகு 'பாராட்டினார்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார். 'ஒருமனதாக' என்பதையும் அடித்தார். விளிம்பில் தன் மூன்று கோரிக்கைகளையும் பொடி எழுத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார்.

"இத டைப் பண்ணது நீங்களா?"

"மேடம் சொன்னாங்க..."

"கேட்டது அது இல்ல."

அவர் போய்விட்டார். அந்தத் தாளைக் கிழித்துப் போடு, வேறு ஒன்று அடி என்றார் மேடம். வேறு ஒன்று அடித்தேன். கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. பழைய வருகைப் பதிவுகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். துணிச்சல் என்று யாரும் எண்ண வேண்டாம். நாளைக்குப் பழி என் தலையில் விழுந்தால் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அந்த எண்ணம்தான்.

மேடம் அடுத்துத் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேசியது எனக்கும் கேட்டது. "உங்க அக்கா இப்படியே போனா, உங்க பொண்ணுக்கு அடுத்த வருஷம் இங்க இடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

தங்கை அங்கிருந்து நேராக அக்கா வேலை செய்துகொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். லிஃப்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் அத்தனை மாடியும் ஏறி, மூச்சு வாங்க, மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் நுழைந்தார். இனி நடந்ததை இருவருமே வேறு வேறு சமயத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு வார்த்தை வித்தியாசமில்லை.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? உக்காந்துட்டு வான்னுதானே அனுப்பினேன்?"

"கருத்துக் கேட்டாங்க. சொன்னேன்."

"உலகத்துல எவன் நெஜமாக் கருத்துக் கேக்குறான்! என் பொண்ணு சீட்டு போயிடும்க்கா. வேற பள்ளிக்கூடம் இல்ல. நான் வேலைக்குப் போக வேணாமா?"

"உன் பொண்ணு அங்க மூணு நாளும் அழவே இல்ல."

"அதான் நல்லதுங்குறேன்! வீட்டுலதான் தல முடியப் புடுங்கிக்கிறா, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கா. அங்க சமத்தா இருக்காளே!"

"அங்க சமத்தா இருக்குறதாலதான் வீட்டுல புடுங்கிக்கிறா."

தங்கைக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைத்ததால்தான் அதைவிடக் கூரான ஒன்றை எடுத்து வீசினார்.

"சின்ன வயசுலேர்ந்து உன்னால நான் பட்டது போதாதா? பள்ளிக்கூடத்துல 'பைத்தியத்தோட தங்கச்சி'ன்னு கூப்பிட்டாங்க. இப்போ எனக்குப் பொறந்ததும் உன்ன மாதிரியே பொறந்து தொலைச்சிருக்கு. அவளாச்சும் உன்ன மாதிரி ஆகாம இருக்கணும்னுதான் அங்க சேத்தேன், போதுமா?"

லிஃப்ட்காரம்மா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. திரும்பிக்கொண்டு, கையிலிருந்த ஸ்பேனரால் ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டை மறுபடி இறுக்கினார். தங்கை அத்தனை படிகளையும் இறங்கிப் போனார். அதன் பிறகு அக்காவுக்கு ஒன்பது நாள் பேச்சு வரவில்லை. சைகையிலும் துண்டுச் சீட்டிலும் வேலை பார்த்தார். ஃப்யூஸ் நிரந்தரமாகவே போய்விட்டது என்று கூட வேலை செய்பவர்கள் பந்தயம் கட்டினார்களாம்.

மூன்றாம் கூட்டத்துக்கு வாரியத்தின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மேடம் என்னிடம், "மாடிக் கழிவறைக்கு டைல்ஸ் போடுற ஆளுங்கள நாளைக்கு வரச் சொல்லு. கூட்டத்த மாடி ஹால்லயே வெச்சுக்கலாம்" என்றார்.

"நாளைக்கேவா மேடம்? சத்தமா இருக்குமே."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன்.

மறுநாள் ஹாலுக்கு அடுத்த அறையில் கல் அறுக்கும் மெஷின் அலறியது. எனக்கே பல் கூசியது. லிஃப்ட்காரம்மா மோட்டார் அறையில் போட்டுக்கொள்ளும் காதுக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார். ஆய்வாளர் ஒல்லியான மனிதர். பைலைப் பிரித்துவைத்து, "அந்த உறுப்பினரோட கருத்தச் சொல்லுங்க" என்றார். லிஃப்ட்காரம்மா வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. கைகள் இரண்டும் தோளுயரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. அவர் அதை மறைக்கவும் இல்லை, அடக்கவும் இல்லை.

மேடம் ஆய்வாளர் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே வருத்தப்பட்டார். "பாத்தீங்களா சார். பாவம். கூட்டத்துல கலந்துக்குற நிலைமையில அவங்க இல்ல. நாங்களும் எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்துட்டோம்."

லிஃப்ட்காரம்மா சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். யாராவது படியுங்கள் என்று பொருள். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் குறிப்பெடுக்கும் நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தாள் அந்தரத்தில் நின்றது.

"குடுங்க இங்க," என்று பிடுங்கினார் துணிக்கடைக்காரர். "படிச்சுத் தொலைச்சா நேரத்தோட கடைக்குப் போலாம்."

படிக்கிறேன் பேர்வழி என்று வெறுப்பைக் கொட்டினார். கோரிக்கைகளை ஏலம் போடுகிறவரைப் போலக் கூவினார். மூன்றாம் பக்கத்தில் வகுப்புக் குறிப்புகள் இருந்தன.

"ஒம்பது பத்து. ஒரு பிள்ளை, நீலக் கலர் பாட்டில் மூடிய வெச்சு உருட்டுறான். டீச்சர் மூடிய எடுத்துக்கிட்டாங்க. கண்ணப் பாத்தாத் தருவேன்னாங்க..."

அவர் குரல் இறங்கியது. அந்த மூடி, துணி வாங்க வருபவர்களுக்காக அவர் கடையில் வைத்திருந்த குளிர்பானப் பெட்டியிலிருந்து மகன் பொறுக்கி எடுத்தது. அடுத்ததை மெதுவாகப் படித்தார்.

"ஒம்பது பத்துலேர்ந்து ஒம்பது அம்பது வரைக்கும் கதவ முப்பத்தொரு தடவ பாத்தான். மொதல்ல அழுதான். அப்புறம் அழுகைய நிறுத்திட்டான். டீச்சர் நோட்டுல 'முன்னேற்றம்'னு எழுதினாங்க. அது முன்னேற்றம் இல்ல. யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சா அழுக நின்னுடும். எனக்குத் தெரியும்."

கல் அறுக்கும் மெஷின் ஓய்ந்து ஓய்ந்து அலறியது. துணிக்கடைக்காரர் மேடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"முன்னேற்றம்னு எனக்கு வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினீங்களே. நான் அதக் கல்லாப் பெட்டியில ஒட்டி வெச்சிருக்கேன்."

"சார், இதெல்லாம் ஒரு பக்கப் பார்வை..."

"அந்த மெஷின நிறுத்தச் சொல்லுங்க மொதல்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் டைல்ஸ்காரர்களே எட்டிப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் போன கூட்டத்தின் குறிப்பைக் கேட்டார். மேடம் புதுத் தாளை நீட்டினார். "இதுல அந்த உறுப்பினரோட கையெழுத்து இல்லையே?" என்றார் அவர். மேடம் என்னைப் பார்த்தார். அப்போது நான் கீழே போய் வருகைப் பதிவுகளுக்குள்ளிருந்து அந்த அடித்தல் திருத்தல் தாளை எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த மாதத்தோடு என் வேலை போனது.

துணிக்கடைக்காரர் படியிறங்கும்போது லிஃப்ட்காரம்மாவை வழிமறித்தார். குரலில் இன்னும் முறைப்பு இருந்தது.

"மூடிய அவன்கிட்டயே விட்டுட்டா பேச்சு வந்துடுமா?"

அவருக்குப் பேச்சு திரும்பியிருக்கவில்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். 'தெரியாது. வராமலும் போகலாம். ஆனால் உங்களைக் கண்டால் ஓடமாட்டான்.'

துணிக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, நன்றியும் சொல்லாமல், திட்டவும் செய்யாமல் இறங்கிப் போனார். மறு மாதம் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

பெரிய வெற்றி எதுவும் கிட்டிவிடவில்லை. வாரியம் உத்தரவு போட்டது. கையை அழுத்திப் பிடிப்பது நின்றது, பேசாத பிள்ளைகளுக்குப் படப் பலகைகள் வந்தன, அதில் 'வேணாம்' என்ற படமும் இருந்தது. ஆனால் 'கை அடக்கம்' வகுப்பு 'கை நட்பு' என்று பெயர் மாறி அதே மேசையில் நடந்தது. லிஃப்ட்காரம்மாவின் பதவிக்காலம் முடிந்ததும், "ஒத்துழைக்கும் இயல்புள்ளவர்" என்று சொல்லி ஆட்டிசம் உள்ள ஒரு கல்லூரி மாணவரைப் போட்டுக்கொண்டார்கள். அவரும் மூன்றாவது கூட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதாகக் கேள்வி. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மேடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

தங்கை பதினொரு மாதம் அக்காவோடு பேசவில்லை. மகளை அதே பள்ளியில்தான் வைத்திருந்தார், வேறு வழியில்லை. ஆனால் கை வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முடியைப் பிடுங்குவது குறைந்தது, நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் மகளோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, "எனக்கு ஓவர்டைம். அஞ்சு மணிக்கு வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். மன்னிப்பு இல்லை, அழுகை இல்லை. அக்காவும் கேட்கவில்லை. இப்போது எல்லாச் சனிக்கிழமையும் அந்தப் பெண் அங்கேதான் இருக்கிறாள்.

நான் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மனம் கேட்காமல் ஒரு நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார். டைல்ஸ் ஆட்களைக் கூப்பிட்டது நான்தான், பொய்க் குறிப்பை அடித்ததும் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி முடித்தேன். அவர் என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்றது? டைல்ஸ் ஆளுங்க விஷயம் வாரியத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எழுதிக் குடுங்க. தேதி போடுங்க. யாரு சொன்னாங்க, என்ன சொன்னாங்க, அப்படியே."

"சரி... உள்ள வரலாமா? கொஞ்ச நேரம் பேசிட்டு..."

"வேணாம். இன்னிக்கு எனக்கு ஆள் வேணாம்."

கதவு மூடிக்கொண்டது. கோபத்தில் அறைந்து மூடவில்லை. சாதாரணமாக, மூட வேண்டிய கதவை மூடுவதுபோல. கொஞ்ச தூரம் நடந்து, ஒரு பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த கூரியர் ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். மூன்று பஸ்களை விட்டுவிட்டேன்.